கண்ணாடி வைத்த கதவு

பாஸ்கரா,

சைக்கிளை எடுத்தால் அரை மணி நேரத்தில் வந்து நிற்கக்கூடிய தூரத்தில் இருக்கிற மகனுக்கு எவனாவது கடிதம் எழுதுவானா என்று கேட்டுவிட்டு உன் அம்மா சிரித்தாள். சிரிக்கட்டும். நேரில் வந்தால் நான்தான் பேசுவேன், உன்னைப் பேச விடமாட்டேன். அது உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும், அம்பத்தூர் எஸ்டேட்டில் என்னோடு வேலை பார்த்த அத்தனை பேருக்கும் தெரியும். கடிதத்தில் அந்த வம்பு இல்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்வேன். அப்புறம் நீ எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டு பதில் சொன்னாலும் என்னால் குறுக்கே வர முடியாது.

போன ஞாயிற்றுக்கிழமை அயனம்பாக்கத்தில் நீ வாடகைக்குப் பிடித்திருக்கும் மாடி அறையைப் பார்க்க வந்தேன் அல்லவா? ஜன்னலைத் திறந்தால் ஏரி தெரிகிறது, நல்ல காற்று, பிள்ளைகள் உட்காரக் குட்டி நாற்காலிகள், சுவரில் கிளிப் படம். திக்கிப் பேசும் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்க என் மகன் சொந்தமாக ஓர் இடம் திறக்கிறான் என்று படி ஏறும்போதே எனக்குத் தலை கொஞ்சம் கனத்துத்தான் இருந்தது. உள்ளே கார்பெண்டர் புதுக் கதவை மாட்டிக்கொண்டிருந்தார். கனமான பலகைக் கதவு. "தாப்பா உள்பக்கமா, வெளிப்பக்கமா சார்?" என்று கேட்டார். "உள்ளதான் வைங்கண்ணே" என்றாய். என்னிடம் திரும்பி, "வெளிய உக்கார்ற அப்பா அம்மாதான் பெரிய தொல்லை நைனா. எட்டி எட்டிப் பாத்துகினே இருப்பாங்க. பசங்களுக்கு வர்ற பேச்சும் நின்னுடும்" என்றாய். கார்பெண்டர் விளையாட்டாக, "எல்லாப் புள்ளைங்களையும் சேத்துக்குவியா சார், இல்ல பொறுக்கி எடுப்பியா?" என்று கேட்டார். அதற்கு நீ சொன்ன பதில்தான் என்னை இங்கே பேனாவும் கையுமாக உட்கார வைத்திருக்கிறது. "சின்ன வயசுல என்ன ஒரு மிஸ் வேணாம்னுட்டாங்கண்ணே. அதனால நான் யாரையும் வேணாம்னு சொல்ல மாட்டேன்." சிரித்துக்கொண்டேதான் சொன்னாய். நான் டீயைக் குடித்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் இறங்கி வந்துவிட்டேன். உன் நைனா பேசாமல் போனது உனக்கே ஆச்சரியமாக இருந்திருக்கும்.

அந்த மிஸ் உன்னை வேண்டாம் என்று சொல்லவில்லை. அது நான் சொன்ன பொய். இந்த இரண்டு வரியை எழுத எனக்குப் பதினேழு வருஷம் ஆகியிருக்கிறது. ஏன் சொன்னேன் என்றால், பொறாமை. அதற்கு வேறு நல்ல பெயர் கிடைக்குமா என்று மூன்று நாளாகத் தேடிப் பார்த்துவிட்டேன், கிடைக்கவில்லை. இதைப் படித்துவிட்டு நீ என் முகத்தில் விழிக்க மாட்டேன் என்றாலும் எழுதித்தான் ஆக வேண்டும். நீ அந்தப் பொய்யின் மேல் ஒரு கதவை மாட்டப் போகிறாய். அதைப் பார்த்துக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியாது.

முதல் வகுப்பில் உனக்குப் பேச்சு திக்க ஆரம்பித்தது. உன் பெயரே உனக்கு எதிரி. 'பா... பா...' என்று உதடு ஒட்டிக்கொண்டு நிற்கும், கழுத்து நரம்பு புடைக்கும். எனக்குப் பார்க்கப் பொறுக்காது. நான் யார்? கம்பெனியில் மேனேஜரிடம் ஏதாவது கேட்க வேண்டும் என்றால் லேத்தில் நிற்கிற என்னைத்தான் முன்னால் தள்ளிக்கொண்டு போவார்கள். என் பிள்ளை ஒரு வார்த்தைக்கு இப்படித் தவிப்பதா? யார் பெயர் கேட்டாலும் நீ 'பா' என்று ஆரம்பித்த உடனே நான் முடித்துவிடுவேன். "பாஸ்கர், மூணாங்கிளாஸ், நல்லாப் படிப்பான்." கடையில் நீ 'ச... ச...' என்பதற்குள் "சக்கர கால் கிலோ" என்பேன். உன் அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். "அவன் வாயில கீறத நீ ஏன் புடுங்கறே? அவனே சொல்லட்டும், வுடேன்." நான் உதவி என்று நினைத்துத்தான் செய்தேன். நீ வீட்டில் பேசுவதையே குறைத்துக்கொண்டாய். நான் உனக்கும் சேர்த்து இன்னும் அதிகமாகப் பேசினேன்.

மண்ணூர்பேட்டையில் மாவு மில்லுக்கு மேல் மாடியில் ஸ்டெல்லா மிஸ் என்று ஒருவர் திக்குவாய்க்குப் பயிற்சி கொடுக்கிறார் என்று கேள்விப்பட்டு உன்னைக் கூட்டிக்கொண்டு போனேன். வியாழக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு உன் நேரம். அந்த அறைக் கதவு மாதிரி ஒரு கதவை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. மேல்பாதிப் பலகையை எடுத்துவிட்டுக் கண்ணாடி போட்டிருந்தார். தாழ்ப்பாள் கிடையாது, அது இருந்த இடத்தில் நாலு ஆணி ஓட்டைதான் இருந்தது. வெளியே கண்ணாடிக்கு நேராக ஒரு பெஞ்சு. உள்ளே பிள்ளை கதவைப் பார்த்து உட்காரும், மிஸ் பிள்ளையைப் பார்த்து உட்காருவார். ஆக எனக்கு உன் முகம் தெரியும், அவருடைய பின்னல் தெரியும். கீழே மில் ஓடுகிற இரைச்சலில் ஓர் எழுத்துகூடக் காதில் விழாது. முதல் நாளே எனக்கு உத்தரவு போட்டுவிட்டார். "நீங்க எப்ப வேணும்னாலும் பாக்கலாம். கேக்கத்தான் கூடாது. அவனுக்கும் நீங்க கண்ணுல தெரியணும். அவனா வந்து சொன்னா கேட்டுக்குங்க, நீங்களா தோண்டாதீங்க." பிறகு உன்னைப் பக்கத்தில் நிறுத்தி, "இங்க நடக்கறத வீட்ல சொல்லாதேன்னு நான் எப்பவும் சொல்ல மாட்டேன் பாஸ்கர். யாராவது பெரியவங்க உங்கிட்ட அப்படிச் சொன்னா, மொதல்ல அதத்தான் வீட்ல போய்ச் சொல்லணும்" என்றார். நான் தலையை ஆட்டினேன். எனக்குப் பிடிக்கவில்லை. என் பிள்ளை பேசுவதை நான் கேட்கக் கூடாதாம்.

கேட்க விடாமல் பார்க்க மட்டும் விட்டால் மனுஷனுக்கு என்ன ஆகும் என்று அந்த பெஞ்சில் உட்கார்ந்தவனுக்குத்தான் தெரியும். முதல் இரண்டு வாரம் நீ உதட்டைத் திறக்கவில்லை, எனக்கும் நிம்மதியாக இருந்தது. மூன்றாவது வாரம் பேசினாய். அப்புறம் கையை ஆட்டி ஆட்டிப் பேசினாய். ஒரு நாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். வீட்டில் நாளுக்கு நாலு வார்த்தை பேசுகிறவன், இந்த அம்மாளிடம் முக்கால் மணி நேரம் என்னத்தைப் பேசுகிறான்? ஒரு தடவை மில் நின்ற நேரம் பார்த்துக் கதவில் காதை வைக்கப் போனேன். அவர் திரும்பிப் பார்த்து, விரலால் பெஞ்சைக் காட்டினார். வகுப்பில் பிடிபட்ட பையன் மாதிரி வந்து உட்கார்ந்தேன். திரும்பும்போது சைக்கிள் பாரில் இருக்கும் உன்னிடம், "இன்னாடா அவ்ளோ சிரிப்பு? இன்னா பேசிக்கினு இருந்தே?" என்று கேட்பேன். "சு... சும்மா" என்பாய். சும்மாவாம். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். லேத்தில் நிற்கும்போதும் அந்தப் பின்னல்தான் கண் முன்னால் ஆடும். கவனமில்லாமல் ஒரு டூலை உடைத்து ஃபோர்மேனிடம் திட்டுகூட வாங்கினேன்.

அப்படியும் பொறுத்துக்கொண்டிருந்தேன், ஒரு நாள் வரைக்கும். தெருவில் விளையாடிக்கொண்டிருந்தவன் ஓடி வந்து அம்மாவிடம், "நாளைக்கி ஸ்டெல்லா மிஸ் கிளாஸ் கீதும்மா" என்றாய். எங்கேயும் தட்டவில்லை. அந்தப் பெயரைச் சொல்ல எனக்கே நாக்கு ஒரு சுற்றுச் சுற்றும். உன் அம்மா பூரித்துப்போய், "உன் நைனாகிட்டச் சொல்லு, சொல்லு" என்று உன்னை என் பக்கம் திருப்பினாள். நீ என்னைப் பார்த்தாய். "நை... நை... நை..." அங்கேயே நின்றுவிட்டாய். கழுத்து நரம்பு புடைத்தது. அன்றைக்கு நான் முடித்துக்கூட வைக்கவில்லை. எழுந்து வெளியே போய்விட்டேன். அவர் பெயர் வருகிறது, என்னைக் கூப்பிட வரவில்லை. சோறு போடுகிறவன் நான், சைக்கிள் மிதிக்கிறவன் நான், பேச்சு மட்டும் அங்கே. அன்றைக்கு எனக்கு எரிந்த எரிச்சல் இன்னும் முழுசாக ஆறவில்லை என்றால் நம்புவாயா?

அடுத்த நாள் உன்னை மண்ணூர்பேட்டைக்கு அழைத்துப் போகவில்லை. நீ இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாய். நான் சைக்கிளைத் துடைத்துக்கொண்டே, உன் முகத்தைப் பார்க்காமல் சொன்னேன்: "மிஸ் உன்ன வேணாம்னுட்டாங்கடா. அவங்களுக்கு வேற பசங்க நெறைய கீறாங்களாம்." நீ அழவில்லை. உள்ளே போய்ச் சட்டைப் பொத்தானை ஒவ்வொன்றாகக் கழற்றி, சட்டையை மடித்துப் பெட்டியில் வைத்தாய். அதற்கப்புறம் அந்தப் பெயரை என் முன்னால் நீ சொன்னதில்லை. அவரிடமிருந்து கம்பெனி விலாசத்துக்கு ஒரு போஸ்ட் கார்டு வந்தது. 'பாஸ்கருக்கு உடம்பு சரியில்லையா?' என்று எழுதியிருந்தார். கிழித்துக் குப்பையில் போட்டேன்.

பூந்தமல்லி உனக்கு என்னைவிட நன்றாகவே ஞாபகம் இருக்கும். நாம் இரண்டு பேரும் அதைப் பற்றி ஒரு நாளும் பேசியதில்லை. மெயின் ரோட்டில் போர்டு போட்டிருந்தார் அந்த ஆள். மூன்றே மாதத்தில் திக்கை நிறுத்திவிடுவார் என்று ஃபோர்மேன் சொன்னார். சேர்க்கும்போது, "முன்ன ஒரு மிஸ்கிட்டப் போனான் சார், அவங்க இவன வேணாம்னுட்டாங்க" என்று அவரிடமும் அதையே சொன்னேன். நீ பக்கத்தில் நின்றாயே, பொய் மாறக் கூடாது அல்லவா? அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "உள்ள நடக்கறது உள்ளயே இருக்கணும். பெத்தவங்க தலையிடக் கூடாது." அங்கே பெஞ்சு ரோட்டைப் பார்த்துப் போட்டிருந்தது. நீ உள்ளே போனதும் தாழ்ப்பாள் விழும். பாஸ்கரா, அந்தச் சத்தம் எனக்குப் பிடித்திருந்தது. உன் முகம் தெரியவில்லை, சிரிப்பு தெரியவில்லை, வயிறு எரியவில்லை. வெளியே வரும்போது என் கையை இறுகப் பிடித்துக்கொள்வாய். வானகரம் வழியாகத் திரும்பும்போது சைக்கிள் பாரில் இருந்தபடியே என் மார்பில் சாய்ந்துகொள்வாய். என் பிள்ளை என்னிடம் திரும்பி வந்துவிட்டான் என்று நான் சந்தோஷப்பட்டேன். நீ பயந்து ஒட்டிக்கொண்டதை நான் பாசம் என்று எடுத்துக்கொண்டு விசிலடித்தபடி சைக்கிள் மிதித்தேன்.

மூன்றாவது மாதம் ஒரு மத்தியானம் நீ ரசம் சாதம் வாயில் வைத்ததும் துடித்துப்போய்த் துப்பினாய். உன் அம்மா வாயைத் திறக்க வைத்து டார்ச் அடித்துப் பார்த்தாள். நாக்குக்கு அடியில் புண். ஸ்பூன் காம்பை வைத்து அழுத்திய புண். சட்டையைக் கழற்றினாள். அரைக்கை மறைக்கிற இடமாகப் பார்த்துக் கிள்ளிய நீலம், புதுசும் பழசுமாக. "யாரு கண்ணு?" என்றாள். "சொ... சொல்லக் கூடாது." நான் வாயைத் திறக்கப் போனேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள், மூடிக்கொண்டேன். அவள் கேட்டுவிட்டுக் காத்திருந்தாள். நீ திக்கித் திக்கி, அழுது, மூக்கைத் துடைத்து, ஒரு வாக்கியத்தைச் சொல்லி முடிக்க எவ்வளவு நேரம் ஆனது என்று எனக்குத் தெரியாது. "சொன்னா... நை... நைனாவும் என்ன வே... வேணாம்னுடுவாருன்னு சார் சொன்னாரு. மி... மிஸ் வேணாம்னா மாதிரி."

நான் கொடுத்த பொய்யை வைத்துத்தான் அந்த ஆள் உன் வாயை அடைத்தான். யாராவது சொல்லாதே என்றால் அதைத்தான் முதலில் வந்து சொல்ல வேண்டும் என்று மிஸ் உனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார். ஆனால் தன்னை வேண்டாம் என்று தள்ளியவர் சொன்னதை எந்தப் பிள்ளை நம்பும்? அதையும் உன்னிடமிருந்து நான்தான் பிடுங்கினேன். அன்றைக்கே பூந்தமல்லிக்குப் போனேன். என்னென்னவோ பேச வேண்டும் என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனவனுக்கு அங்கே நின்றதும் வாய் வரவில்லை. "இதான் சார் வைத்தியம். உங்க பையன் இப்ப திக்கறதே இல்லையே" என்றான். நீ பேசுவதையே நிறுத்திவிட்டாய், அப்புறம் எங்கே திக்குவது? சட்டையைப் பிடித்தேன், நாலு பேர் வந்து விலக்கிவிட்டார்கள், வந்துவிட்டேன். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நான் படியிறங்கும்போது ரோட்டைப் பார்த்த அந்த பெஞ்சில் ஓர் அம்மா ஏழெட்டு வயசுப் பெண் குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள். "இன்னாங்க சத்தம்?" என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். ஃபோர்மேன் முகம், ஊர் வாய், நம் வீட்டு மானம் என்று என்னென்னவோ நினைத்தேன். யாரிடமும் புகார் கொடுக்கவில்லை. ஊருக்கெல்லாம் பேசினவன் அந்தத் தாயிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

அதற்கப்புறம் உன்னைப் பேச வைத்தது உன் அம்மாவின் பொறுமையும் உன் பிடிவாதமும். எனக்கு அதில் பங்கு கிடையாது. மிஸ்ஸிடம் திரும்பக் கூட்டிப் போயிருக்கலாம், அந்த அம்மாள் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை. பன்னிரண்டாவது முடித்து நீ இந்தப் பேச்சுப் பயிற்சிப் படிப்புதான் வேண்டும் என்றபோது ஏன் என்று கேட்டேன். "சும்மா நைனா" என்றாய். அந்தச் சும்மாவை நான் பழைய நாளிலிருந்தே அறிவேன்.

நேற்று புதன்கிழமை மண்ணூர்பேட்டைக்குப் போனேன். மில் இன்னும் ஓடுகிறது. மாடியில் அதே கதவு, அதே கண்ணாடி. மிஸ்ஸுக்குப் பின்னல் வெளுத்துவிட்டது. பாஸ்கரின் அப்பா என்றதும், "அந்த வியாழக்கிழம ஏழு மணி வரைக்கும் உக்காந்திருந்தேன். அடுத்த வாரமும்" என்றார். எல்லாவற்றையும் சொன்னேன், பொய், கார்டு, பூந்தமல்லி எல்லாம். திட்டுவார் என்று காத்திருந்தேன். "பூந்தமல்லில வேற பசங்க இருந்தாங்களா?" என்று மட்டும் கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அப்புறம், கேட்கக் கூடாது என்று தெரிந்தும் கேட்டேன்: "அவ்ளோ நேரம் உங்ககிட்ட அவன் இன்னாதான் மிஸ் பேசினான்?" அவர் சொன்னார்: "அத அவன்தான் சொல்லணும். எத்தனை வருஷம் ஆனாலும் அது அவனோடது." பார், இன்றைக்கும் அந்த அம்மாளிடம் உன்னுடைய ஏதோ ஒன்று இருக்கிறது, என்னிடம் இல்லை. படியிறங்கி மில்லைத் தாண்டும் வரைக்கும் எனக்குப் பழைய மாதிரியே எரிந்தது. ஆனால் உன்னுடையதை அவர் பத்திரமாக வைத்திருக்கிறார் என்பது மட்டும் தெரிந்தது.

அதனால் சொல்கிறேன். அந்தப் பலகைக் கதவைக் கழற்றச் சொல். நீ பூந்தமல்லிக்காரன் இல்லை என்று எனக்குத் தெரியும். வெளியே உட்கார்ந்திருக்கும் அப்பனுக்கு எப்படித் தெரியும்? தாழ்ப்பாள் யார் போட்டாலும் ஒரே சத்தம்தான். நாளைக்கு நீ உதவிக்கு ஓர் ஆளை வைப்பாய். அந்த ஆளை நீயே பார்க்க முடியுமா அந்தக் கதவு வழியாக? மேல்பாதியில் கண்ணாடி போடு. பெஞ்சை அதற்கு நேராகப் போடு. பிள்ளையை வெளியே இருப்பவர் முகம் தெரிகிற மாதிரி உட்கார வை. பேச்சு வெளியே கேட்காமல் இருக்க மில் இரைச்சல் இல்லையென்றால் கடகடவென்று சத்தம் போடுகிற ஒரு பழைய ஃபேனைப் போடு, நான் கொண்டுவருகிறேன். வீட்டில் சொல்லாதே என்று எந்தப் பிள்ளையிடமும், விளையாட்டுக்குக்கூட, சொல்லிவிடாதே. எட்டி எட்டிப் பார்ப்பவர்கள் தொல்லைதான். பார்த்துவிட்டுப் போகட்டும். அவர்களில் எவனாவது ஒருத்தன் நீ என்னவோ அவன் பிள்ளையைத் திருடிவிட்ட மாதிரி உன்னை முறைப்பான். பொறுத்துக்கொள். அப்படி ஒருத்தன் பிள்ளையைத் திடீரென்று நிறுத்திவிட்டால் ஒரு கார்டோடு விட்டுவிடாதே, வீட்டைத் தேடிப் போ. பிள்ளையிடமே நேராகச் சொல்லிவிட்டு வா, உன்னை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை என்று. இந்தக் கடிதத்தை அந்த பெஞ்சில் வைத்தாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை. வருகிற அப்பன்மார் படிக்கட்டும்.

திறப்பு நாளன்று மிஸ்ஸைக் கூப்பிடு. விலாசம் மாறவில்லை. நான் கேட்டேன், வருகிறேன் என்றார். அவரை உள்ளே உட்கார வைத்து, அன்றைக்கு வியாழக்கிழமை விட்ட பேச்சை நீ தொடங்கு. எனக்கு அழைப்பு வேண்டாம், நானே வருவேன். பெஞ்சில் முதல் ஆளாக உட்காருவேன். நீ பேசுவது கண்ணாடி வழியாகத் தெரியும், ஓர் எழுத்தும் கேட்காது. நீ சிரிப்பாய். எனக்கு வயிறு எரியும். எரியட்டும், இந்தத் தடவை நான் எழுந்து போக மாட்டேன். நீ நிமிர்ந்து பார்க்கிற போதெல்லாம் நான் அங்கேதான் இருப்பேன்.

நீ முடிக்கும் வரைக்கும் காத்திருக்கப் பழகிக்கொண்டிருக்கிற,
உன் நைனா